எல்பார்: சுவர் எழுப்பாமல் பிரித்த பாகம்

ஐபிஎம்மின் யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஏஐஎக்ஸ் கற்க வருகிறவர் முதல் நாளே எதிர்கொள்ளும் சொல் 'எல்பார்'. 'லாஜிக்கல் பார்ட்டிஷன்' என்பதன் சுருக்கம். வேலையிடத்தில் யாரும் இதை விரித்துச் சொல்வதில்லை. 'இந்த எல்பாருக்கு மெமரி கூட்டணும்', 'அந்த எல்பார் எந்த ஃபிரேம்ல இருக்கு?' என்றுதான் பேச்சு. ஃபிரேம் என்பது மொத்த இயந்திரம். அதற்குள் தனக்கென ஓர் இயங்குதளத்தோடு ஓடும் ஒவ்வொரு சர்வரும் ஓர் எல்பார்.

தமிழில் இதைத் 'தருக்கப் பிரிவு' என்று எழுதுவதைப் பார்க்கிறோம். அகராதியை வைத்துப் பார்த்தால் தவறு சொல்ல முடியாது. ஆனால் தருக்கம் என்றதும் நம் மனதில் வருவது வாதமும் எதிர்வாதமும். 'பிரிவு' என்றால் அலுவலகத்தில் ஒரு பகுதி. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மாணவர், ஏதோ தருக்கம் செய்கிற பகுதி போலும் என்று நினைத்துக்கொள்கிறார். என்னிடம் படித்த ஒருவர் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். பிழை அவருடையதல்ல, சொல்லுடையது.

கணினித் துறையில் 'லாஜிக்கல்' என்பதன் எதிர்ச்சொல் 'பிசிக்கல்'. கையால் தொட்டுக் காட்டக்கூடியது பிசிக்கல். கணக்கில் மட்டும் வரைந்த எல்லை லாஜிக்கல். இந்தச் சொல்லின் வேர் 'லோகோஸ்' என்ற கிரேக்கச் சொல். அதற்குப் பேச்சு, அறிவு என்பதோடு கணக்கு என்ற பொருளும் உண்டு. எல்பாருக்குப் பொருந்துவது அந்தக் கடைசிப் பொருள்தான்.

சரி, அந்தக் கணக்கை எழுதுவது யார்? இயங்குதளத்துக்கும் கீழே, இயந்திரத்தோடு பதிந்து வரும் மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே இருக்கும் ஹைப்பர்வைசர். 'சூப்பர்வைசர்' என்று முன்பு இயங்குதளத்தின் கருவைச் சொன்னார்கள். அதையும் மேற்பார்ப்பது என்பதால் 'சூப்பர்' போய் 'ஹைப்பர்' வந்தது. நிர்வாகி எச்எம்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினியிலிருந்து, இந்த எல்பாருக்கு இத்தனை பிராசசர், இவ்வளவு நினைவகம் என்று எழுதிக் கொடுப்பார். அந்த எல்லையை ஹைப்பர்வைசர் காவல் காக்கும். ஓர் எல்பார் விழுந்தாலும் பக்கத்து எல்பார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த ஏற்பாடு யூனிக்ஸுக்குப் பெருங்கணினியிலிருந்து (மெயின்ஃபிரேம்) வந்தது. ஐபிஎம் 1988-இல் தன் 3090 பெருங்கணினிகளில் இதைக் கொண்டுவந்தது. யூனிக்ஸ் பக்கம் 2001-இல் பவர்4 சில்லோடு வந்த பி690 இயந்திரத்தில் 32 பிராசசர்கள், அதிகபட்சம் 16 எல்பார்கள். அப்போது ஒரு பிராசசரை முழுசாகத்தான் கொடுக்க முடியும். 2004-இல் பவர்5 வந்ததும் பத்தில் ஒரு பங்குகூடக் கொடுக்கலாம் என்றானது.

பத்தில் ஒரு பங்கு பிராசசர் என்றால் என்ன? சில்லை யாரும் அறுத்துத் தருவதில்லை. ஹைப்பர்வைசர் காலத்தை 10 மில்லிவினாடித் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. 0.1 பங்கு உள்ள எல்பாருக்கு ஒவ்வொரு துண்டிலும் 1 மில்லிவினாடி உறுதி. இதைத்தான் உரிமைப் பங்கு என்கிறோம். 'அன்கேப்டு', அதாவது உச்சவரம்பு இல்லாதது என்று அமைத்திருந்தால், மற்றவர்கள் பயன்படுத்தாமல் விட்டதையும் அது எடுத்துக்கொள்ளலாம். பலரும் கேட்டால், 0 முதல் 255 வரை கொடுத்திருக்கும் எடையைப் பார்த்து மிச்சம் பங்கிடப்படும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு நினைவுக்கு வந்த சொல் 'பாகம்'. அடுக்குமாடி வீடு வாங்குகிறவரின் பத்திரத்தில் 'பிரிக்கப்படாத பாகம்' என்று நிலத்தின் பங்கு எழுதப்பட்டிருக்கும். மண்ணில் வேலி இல்லை, கோடு இல்லை. எழுத்தில் இருக்கிறது, அதனால் உரிமையாக நிற்கிறது. 0.1 பிராசசரும் அப்படித்தான் இருக்கிறது.

'பாகம்' என்பதற்கு முன்னால் 'வகு' என்ற வினையைச் சேர்த்து 'வகுபாகம்' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. வகுத்தல் என்பது கணக்கில் ஒரு செயல். திட்டம் வகுத்தோம், வியூகம் வகுத்தோம் என்னும்போது முன்கூட்டி முறைப்படுத்துவது. இரண்டுமே இங்கே வேண்டும். குடிநீர் போல இது வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். 2002-இல் ஏஐஎக்ஸ் 5.2 வந்ததிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் எல்பாரை நிறுத்தாமலே பிராசசரையும் நினைவகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். வகுத்த பாகம், வகுக்கிற பாகம், நாளை மாற்றி வகுக்கும் பாகம் என மூன்றும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

எல்பாரோடு சேர்ந்தே வரும் இன்னொரு சொல், இல்லாத கருவியை இருப்பதுபோலக் காட்டும் 'விர்ச்சுவலைசேஷன்'. அதற்கு 'மெய்நிகராக்கம்' ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனின் 'வீர்', அதாவது ஆண். அதிலிருந்து ஆற்றல், பிறகு 'பெயரளவில் இல்லாவிட்டாலும் செயலளவில் அதுவே' என்று பொருள் நகர்ந்தது. நம் வீரம் என்ற சொல்லுக்கும் அது தூரத்து உறவு. தமிழில் மெய் என்பது உண்மை, உடல் இரண்டையும் குறிக்கும். உடலாக இல்லாமல் உடலுக்கு ஈடாக நிற்பது மெய்நிகர். விஐஓஎஸ் என்ற தனி எல்பார் தன் ஒரே நெட்வொர்க் அட்டையைப் பல எல்பார்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும்போது, ஒவ்வொன்றும் தனக்கொரு அட்டை இருப்பதாகவே பார்க்கிறது. அது மெய்நிகர் அட்டை.

அப்புறம், 2007-இல் ஏஐஎக்ஸ் 6.1-உடன் வந்த 'டபிள்யூபார்' (வொர்க்லோடு பார்ட்டிஷன்), அதாவது ஒரே ஏஐஎக்ஸுக்குள் பிரிக்கும் பகுதி என்பதையும் சிலர் எல்பாரின் பெயரிலேயே அழைக்கிறார்கள். அது வேறு. அங்கே எல்லோருக்கும் ஒரே கெர்னல், அதாவது ஒரே இயங்குதளக் கரு, அது விழுந்தால் எல்லாமே விழும். ஒரே கிணறு, ஒரே முற்றம் உள்ள ஒண்டுக்குடித்தனம் அது. அதற்கு வகுபாகம் என்ற பெயரைக் கொடுக்கக் கூடாது.