'கல்லூரி ஐஸ் ஹாக்கி மாநாடு'ன்னா என்னய்யா?

அமெரிக்க விளையாட்டுச் செய்தியைத் தமிழ்ல கொடுக்கறவங்க பெரும்பாலும் சொல்லி வச்ச மாதிரி ஒரே தப்பைத்தான் பண்றாங்க. கான்பரன்ஸ்னு எங்க வந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு 'மாநாடு'. கிழக்கு மாநாட்டின் இறுதிப்போட்டியாம், மாநாட்டிலிருந்து அணி விலகியதாம். போன வாரம் கண்ணுல பட்டது எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு: "பிராந்திய கல்லூரி சங்க பனி ஹாக்கி மாநாடு". இதைப் படிக்கறவன் என்ன நினைப்பான்? எங்கயோ பந்தல் போட்டு கல்லூரி சங்கத்துக்காரங்க எல்லாம் கூடி ஹாக்கியோட எதிர்காலத்தைப் பத்திப் பேசி, மதியம் சாப்பிட்டு, சாயங்காலம் நாலு தீர்மானம் போட்டுக் கலைஞ்சாங்கன்னுதான நினைப்பான்?

விஷயம் இவ்ளோதான். ஒரு வட்டாரத்துல இருக்கற சில கல்லூரி அணிகள் சேர்ந்து, வருஷா வருஷம் எங்களுக்குள்ள இத்தனை மேட்ச், இந்த விதி, இந்தக் கோப்பைன்னு ஒப்பந்தம் போட்டு ஒரு நிரந்தர அமைப்பா இயங்குது பாருங்க, அதுதான் கான்பரன்ஸ். சீசன் முடிஞ்சாலும் அது இருக்கும்.

சொல்லோட பூர்வீகம் லத்தீன். 'கான்' சேர்ந்து, 'ஃபெர்ரே' கொண்டு வர்றது, சுமக்கறது. ஒண்ணா கொண்டு வந்து வைக்கறது, அப்புறம் கூடிப் பேசறதுன்னு அர்த்தம் நகர்ந்துச்சு.

இங்கதான் மாநாட்டுக் கட்சிக்காரங்க பாயின்ட் பிடிப்பாங்க. "பாத்தியா, கூடிப் பேசறதுன்னு நீயே சொல்ற". சரி, அவங்களுக்கு நானே இன்னும் பலமான ஆதாரம் எடுத்துக் கொடுக்கறேன். 1895 ஜனவரியில சிகாகோ பால்மர் ஹவுஸ் ஓட்டல்ல ஏழு பல்கலைக்கழகத் தலைவர்கள் உக்காந்து, கல்லூரி விளையாட்டுல நடக்கற கூத்தை எப்படிக் கட்டுப்படுத்தறதுன்னு பேசினாங்க, அதுலேர்ந்து அடுத்த வருஷம் ஒரு அமைப்பு பிறந்துச்சு, அதுக்கு வச்ச பேரு 'ஆசிரியப் பிரதிநிதிகளின் கல்லூரிகளுக்கிடையேயான கான்பரன்ஸ்'. அதான் இன்னிக்கு பிக் டென்ங்கற கல்லூரி கான்பரன்ஸ். அப்போ நிஜமாவே கூட்டம்தான், கூட்டத்தோட பேரே அமைப்புக்கு ஒட்டிக்கிச்சு. (பேருல 'பத்து', ஆனா இப்போ 18 பல்கலைக்கழகம் இருக்கு, அது வேற கதை.)

ஆனா அங்க ஒட்டிக்கிச்சுன்னா இங்கயும் ஒட்டுமா? நம்மகிட்டயும் கூட்டம்ங்கற சொல்லு அமைப்பா மாறியிருக்கு, இல்லைங்கல. மன்றம்னா ஒரு காலத்துல ஊர்ப் பொது இடம், இன்னிக்கு ரசிகர் மன்றம், நகர்மன்றம். இலங்கையில சம்மேளனம்னு சொன்னா கால்பந்தை நடத்தற அமைப்பு, மூலத்துல அதுவும் வெறும் கூடல்தான். மாநாடு மட்டும் அப்படிப் பெருசா மாறல. 1966ல கோலாலம்பூர்ல நடந்த உலகத் தமிழ் மாநாடு, 2010ல கோவையில நடந்த செம்மொழி மாநாடு, கட்சி மாவட்ட மாநாடு, எதை வேணா எடுத்துக்கோங்க, எல்லாத்துக்கும் தேதி இருக்கு, மேடை இருக்கு, முடிவு இருக்கு. மாநாட்டுல கலந்துக்கலாம், மாநாட்டை நடத்தலாம், ஒத்தி வைக்கலாம், ஆனா மாநாட்டுல 'உறுப்பினரா' 20 வருஷம் இருக்க முடியாது. ஒரு தமிழ் வினைச்சொல்லாவது ஒத்துழைக்குதான்னு பாத்துட்டு எழுதணும்யா!

இன்னொரு கோஷ்டி இருக்கு, கல்வெட்டு கோஷ்டி. சோழர் காலத்துல நாடுங்கறது ஊர்கள் சேர்ந்த வட்டாரம், நாட்டார்னா அந்த வட்டாரத்துச் சபை, அதனால மா-நாடுன்னா பெரிய வட்டார அமைப்புன்னு எடுத்துக்கலாமேங்கறாங்க. அழகான யோசனை, ரசிக்கலாம். ஆனா விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டறவன் அடிக்குறிப்போட படிக்க மாட்டான்.

சரி, வேற என்ன சொல்லலாம்? லீக்னே விடலாம், ஆனா அங்க லீக் வேற கான்பரன்ஸ் வேறன்னு ரெண்டும் ஒரே பத்தியில வரும். ஒன்றியம்னா பஞ்சாயத்து ஆபீஸ் ஞாபகம் வரும். கூட்டமைப்புன்னா மேல இருக்கற பெரிய சங்கத்துக்கு வேணும், அதாவது 1991ல ஆரம்பிச்ச அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி சங்கம் மாதிரி, பல கான்பரன்ஸ் அதுக்குக் கீழதான் ஆடுது. மண்டலம்னா வரைபடத்துல கோடு போட்ட இடம், அணிகளா விரும்பிச் சேர்ந்ததுங்கற அர்த்தம் போயிடும்.

என் ஓட்டு கூட்டணிக்கு. சிரிக்காதீங்க. கூட்டு, அணி. அணிகளோட கூட்டு. சொல்லு அப்படியே தட்டுல வச்சுக் கொடுக்குது, நாமதான் அதை அரசியல்வாதிகளுக்கு மொத்தமா எழுதிக் கொடுத்துட்டோம். அந்த அரசியல் வாசனையும் இங்க கச்சிதமா பொருந்துது, ஏன்னா கான்பரன்ஸ்லயும் தேர்தலுக்கு முன்னாடி நடக்கற தாவல் எல்லாம் அப்படியே நடக்கும். பிக் டென்ல இருக்கற பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் ரொம்ப காலம் கிளப் ஹாக்கிதான், அதாவது மாணவர்களே நடத்தற ஹாக்கிதான் ஆடிச்சு, அங்க பெரிய கை. 2010ல முன்னாள் மாணவர் டெர்ரி பெகுலா 8.8 கோடி டாலர் கொடுத்தாரு, 2012ல அணி மேல் மட்டத்துக்குப் போச்சு. உடனே பிக் டென்ல ஹாக்கி ஆடற காலேஜ் ஆறு ஆச்சு, 2013ல அவங்க தனிக் கூட்டணி தொடங்கினாங்க, மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட் எல்லாம் வெளிய போனதும் பழைய சிசிஎச்ஏ (சென்ட்ரல் காலேஜியேட் ஹாக்கி அசோசியேஷன்) கூட்டணி அந்த வருஷமே கலைஞ்சுது, 2021ல மறுபடி முளைச்சுது. இந்தக் கதையை 'மாநாடு'ன்னு போட்டு ஒருதடவை எழுதிப் பாருங்க, மாநாடு கலைஞ்சது, மாநாடு முளைச்சதுன்னு. 'கூட்டணி' போட்டு எழுதுங்க, நம்ம ஊர் டீக்கடையில வாசிச்சாலும் புரியும்.

ஒரே ஒரு சிக்கல், வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்ல இப்போ 32 அணி, 1993லேர்ந்து அணிகளைக் கிழக்கு, மேற்குன்னு ரெண்டா பிரிச்சு அதையும் கான்பரன்ஸ்னுதான் சொல்றாங்க. அது ஒரே லீக்கோட பாதி, யாரும் விரும்பிச் சேரல. அதுக்குக் 'கிழக்குப் பகுதி' போதும். ஒரே இங்கிலீஷ் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்லுதான் போடணும்னு எந்தச் சட்டமும் இல்ல, இதை நம்ம மொழிபெயர்ப்பாளர்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னா புண்ணியமாப் போகும்.

அடுத்து, 'கிளப்'புக்குப் பதிலா போட்ட அந்தச் 'சங்கம்'. கல்லூரி கிளப் அணின்னா சங்கம் நடத்தற அணி இல்ல. பல்கலைக்கழக விளையாட்டுத் துறையோட நேரடி அணி ஒரு ரகம், மாணவர்களே சந்தா கட்டி, அவங்களே ரிங்க் (ஐஸ் தளம்) வாடகைக்குப் புடிச்சு நடத்தற அணி இன்னொரு ரகம், ரெண்டாவதுதான் கிளப். தெற்கு மாநிலங்கள்ல இது இன்னும் கஷ்டம். சவுத் ஈஸ்டர்ன் கூட்டணியில ஆடின அலபாமா அணியை எடுத்துக்கோங்க, காலேஜ் இருக்கறது டஸ்கலூசாவுல, 'ஹோம்' ஐஸ் இருக்கறது பர்மிங்ஹாம் பக்கத்துல பெல்ஹாம்ல, கார்ல ஒரு மணி நேரம். மட்டையையும் பேடையும் டிக்கியில அடைச்சுக்கிட்டு, மத்தவங்க ஸ்கேட்டிங் எல்லாம் முடிஞ்சு ஐஸ் காலியாகற ராத்திரி நேரத்துல போய் பிராக்டிஸ் பண்ற பசங்க இவங்க. 'மாணவர் அணி'ன்னு சொன்னா சோலி முடிஞ்சுது.

'பனி'யும் தப்புதான், பனின்னா மார்கழி காலையில புல்லு மேல இருக்கறது, இவங்க ஆடறது பனிக்கட்டி மேல. அதைவிடக் கொடுமை, தூய தமிழ் ஆர்வத்துல சில பேரு 'பனி வளைதடிப் பந்தாட்டம்'ங்கறாங்க. பந்து எங்கய்யா இருக்கு? அங்க ஓடறது மூணு அங்குல அகலம், ஒரு அங்குல தடிமன் உள்ள ரப்பர் வட்டு! தனித்தமிழ் வேணும்னா வேணும், நானும் கட்சிதான், ஆனா ஆட்டத்தைப் பாக்காமலே பேர் வைக்கறது என்ன தமிழ்ப்பற்று? அதுக்கு ஐஸ் ஹாக்கின்னே விட்டுடலாம், ஜனங்க அப்படித்தான் சொல்றாங்க. பிராந்தியத்துக்கு வட்டாரம்னு அருமையான சொல்லு இருக்கு, டிவி செய்தி மட்டும் ஏன் இன்னும் பிராந்தியத்தைக் கட்டிக்கிட்டு அழுதுன்னு தெரியல.

ஆக 'வட்டாரக் கல்லூரி மாணவர் ஐஸ் ஹாக்கி கூட்டணி'. டிவிஷன் வந்தா தயவுசெஞ்சு 'பிரிவு'ன்னு போடாதீங்க, மேல சொன்ன அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி சங்கத்துல ஆண்களுக்கு மூணு டிவிஷன், பெண்களுக்கு ரெண்டு, அது மேல் கீழ் அடுக்கு, 'நிலை'ன்னுதான் வரணும். என்எச்எல் டிவிஷன் இடத்தை வச்சுப் பிரிச்சது, அங்க மட்டும் பிரிவு சரி.