மருந்து அலமாரிச் சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுக்கலாமா?

சென்ற மாதம் ஒரு மாலை, புற நோயாளிகள் எல்லோரும் போன பிறகு ஒரு பெரியவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிட்ட மருமகளை அன்றுதான் எங்கள் போதை மீட்பு மையத்தில் சேர்த்திருந்தார்.

"டாக்டர், லேடீஸ் வார்டைப் பாத்துக்கிற அந்தம்மாவும் ஒரு காலத்துல மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தவங்களாமே. மருந்து அலமாரிச் சாவி அவங்க கையில இருக்கு. எங்க வீட்டுப் பொண்ண எப்படி விட்டுட்டுப் போறது?"

இந்த வருடத்தில் இப்படிக் கேட்டவர்களில் அவர் நான்காவது ஆள். மற்ற மூவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். இந்த முறை புகார் நிர்வாகக் குழு வரை போனது. மறுநாளே அந்தப் பெண்ணிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு வேளை மருந்துக்கும் அவர் தன்னைவிடப் பதினைந்து வயது இளைய நர்ஸிடம் போய்ச் சாவி கேட்டு நிற்கிறார். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தீராத முதுகுவலி. ஒரு மருத்துவர் டிரமடால் என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூக்கம் வரவில்லை என்றதும் இன்னொருவர் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரையைச் சேர்த்தார். பழைய சீட்டையே நீட்டி நீட்டி மூன்று வருடம் வாங்கியிருக்கிறார். ஒரு நாள் கடையில் மாத்திரை இல்லை. இரண்டாம் நாள் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தார். அப்போதுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. அதிலிருந்து மீண்டு இப்போது ஏழு வருடம் ஆகிறது. நடுவில் அஞ்சல் வழியில் சமூகப்பணி முதுகலை முடித்தார். ஐந்து வருடம் கவுன்சலராக இருந்தார். அதன் பிறகே பெண்கள் பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது.

எங்கள் ஆண்கள் பிரிவின் பொறுப்பாளரும் குடியிலிருந்து மீண்டவர்தான். ஜூன் 26 போதை ஒழிப்பு தினத்தன்று அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். "இவரே மீண்டு வந்தவர்" என்று பெருமையாக அறிமுகப்படுத்துகிறோம். அவரிடமும் ஒரு சாவி இருக்கிறது. அதைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

போதை என்றால் ஒழுக்கக்கேடு, அது பெண்ணுக்கு வந்தால் ஒழுக்கக்கேட்டிலும் கேடு என்ற இந்த எண்ணத்தோடு பத்தொன்பது வருடமாக மல்லுக்கட்டுகிறேன். ஐயா, இது நோய். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மனநோய்க்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளும் அடங்கும். காசநோய் வந்து குணமான ஒருவர் காசநோய் வார்டில் நர்ஸாக இருந்தால், "பாவம், பட்டவங்க, நல்லாப் பாத்துப்பாங்க" என்பீர்கள். இங்கே மட்டும் பட்டதே குற்றமாகிவிடுகிறது. "ஒரு தடவை ருசி கண்டவ விடமாட்டா" என்கிறீர்கள். யார் ருசி கண்டது? முதுகு வலித்தது, மருத்துவர் எழுதினார், விழுங்கினார். பெண்களைப் பொறுத்தவரை நான் பார்த்ததில் பெரும்பாலான கதைகள் டாஸ்மாக்கில் ஆரம்பிக்கவில்லை. எங்களைப் போன்றவர்களின் மருந்துச் சீட்டில் ஆரம்பித்திருக்கின்றன. (சக மருத்துவர்களே, அல்பிரசோலமும் டிரமடாலும், சீட்டைப் பதிந்துகொண்டு மட்டுமே விற்க வேண்டிய எச்1 அட்டவணையில் இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. எத்தனை நாளைக்கு என்று சீட்டில் எழுதுங்கள்.)

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க சார் வருது?" என்பது அடுத்த கேள்வி. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். அந்த 1.6, வீட்டுக்கு வந்து கேட்டவரிடம் ஆமாம் என்று ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு மட்டும்தான். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எத்தனை பேர் ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பெரியவரிடம் பெட்டி ஃபோர்டைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டின் மனைவி. 1964 வாக்கில் கழுத்து நரம்பு வலிக்குத் தொடங்கிய மாத்திரை, கூடவே மது. வெள்ளை மாளிகையில் இருந்த காலத்திலும் அது தொடர்ந்தது. 1974இல் மார்பகப் புற்றுநோய் வந்தபோது அதை ஊரறியச் சொல்லி, ஏராளமான பெண்களைப் பரிசோதனைக்குப் போகவைத்தவர் அவர். அப்படிப்பட்டவரே மதுவை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாமல் தவித்தார். 1978 ஏப்ரல் 1 அன்று கணவரும் பிள்ளைகளும் மருத்துவர்களோடு சுற்றி உட்கார்ந்து நேருக்கு நேர் பேசினார்கள். அழுதார், கோபப்பட்டார், பிறகு சிகிச்சைக்குச் சம்மதித்தார். அறுபதாவது பிறந்தநாள் முடிந்த கையோடு லாங் பீச் கடற்படை மருத்துவமனையில் சேர்ந்தார்.

அங்கே போனால், இன்னும் மூன்று பெண்களோடு ஒரே அறை. தனி அறை வேண்டும் என்று நின்றார். அப்படியானால் அந்த மூவரையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். அப்புறம் அவர் பேசவில்லை, அங்கேயே தங்கினார். மாத்திரைதான் பிரச்சினை என்று முதலில் அறிக்கை விட்டவர், சில நாள் கழித்து மதுவும்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். எங்கள் மையத்திலும் தனி அறை கேட்டுத்தான் பாதிப் பேர் சண்டை போடுகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவளும் நம்மைப் போலத்தான் என்று தெரியும் அந்த இரவில்தான் பலருக்குச் சிகிச்சையே ஆரம்பிக்கிறது.

நான்கு வருடம் கழித்து, 1982 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் ராஞ்சோ மிராஜில் அவர் பெயரிலேயே மையம் திறந்தது. இடத்தில் பாதி பெண்களுக்கு என்பதில் உறுதியாக இருந்தார். பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கவும் இல்லை. 2005 வரை தலைமைப் பொறுப்பிலிருந்து நடத்தினார். நோயாளிகள் முன்னால் போய், "என் பெயர் பெட்டி, நான் மதுவுக்கும் மருந்துக்கும் அடிமையானவள்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவர் கையில் இருந்தது அலமாரிச் சாவி மட்டுமல்ல, மையத்தின் சாவியே.

நம் ஊரிலும் முன்மாதிரி உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் குடி, போதை சிகிச்சைக்கான டிடிகே மருத்துவமனையைத் தொடங்கினார். பத்மஸ்ரீயும் பெற்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். குடியால் கணவனை இழந்த பெண் இந்தத் துறைக்குத் தலைமை தாங்குவதை நாம் மனமார ஏற்றோம். தானே போதையில் விழுந்து எழுந்த பெண்ணை ஏற்க ஏன் தயங்குகிறோம்?

எழுந்ததுமே தலைமையில் உட்கார வைக்கவும் கூடாது. ஆறு மாதம் மாத்திரை தொடவில்லை என்பதற்காக ஒரு பெண்ணைக் கவுன்சலராக்கி, வாரம் மூன்று கூட்டங்களில் தன் கதையைச் சொல்லவைத்த மையம் ஒன்றை எனக்குத் தெரியும். எட்டாவது மாதம் அவர் மறுபடி சறுக்கினார். பெட்டி ஃபோர்டே நான்கு வருடம் எடுத்துக்கொண்டார். மையம் நடத்துபவர்களே, குறைந்தது இரண்டு வருட மீட்சி, முறையான பயிற்சி, தனக்கென ஒரு மருத்துவர், தடுமாறும்போது போய்ப் பேச ஒரு மூத்தவர் இருக்கிறார்களா என்று பாருங்கள். சறுக்கினால் மருத்துவ விடுப்பு கொடுங்கள். வேலையை விட்டு அனுப்பாதீர்கள். அலமாரிக் கணக்கை இரண்டு பேர் கையெழுத்திட்டுச் சரிபாருங்கள், ஆனால் அந்த விதி ஆண்கள் பிரிவுக்கும் சேர்த்து இருக்கட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: குடி மறக்க மருந்து என்று எதையாவது வாங்கிச் சாம்பாரில் தெரியாமல் கலக்காதீர்கள். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் மருந்து உள்ளே இருக்கும்போது மது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தூக்க மாத்திரையை ஒரே நாளில் பிடுங்கி எறியாதீர்கள். பல மாதம் சாப்பிட்டதை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தினமும் குடிப்பவர் நிறுத்திய முதல் சில நாட்களில் கை நடுங்கி, உளறி, இல்லாத ஆளைப் பார்த்தால் பேய் என்று எங்கும் கூட்டிக்கொண்டு அலையாதீர்கள், நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். பெண்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுச் சேருங்கள். கணவன்மார்களே, அவர் மீண்டு வரும்போது நீங்கள் ஹாலில் பாட்டிலைத் திறக்காதீர்கள். மனைவிக்காக ஜெரால்டு ஃபோர்டும் குடியை விட்டார். யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

பெரியவர் முழுவதும் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அவருடைய மருமகள் மூன்றாம் நாள் இரவு தூக்கமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தபோது விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்தச் சாவி பறிக்கப்பட்ட அம்மாதான்.

நிர்வாகக் குழுவுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன். சாவியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டம் வரும் திங்கட்கிழமை.