மூன்றாவது ஸ்டேட்டர் வாங்குவதற்கு முன்னால்

பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை என்று பழைய பைக்கைக் கொண்டுவருகிறவர்களில் பலர் அதை ஏற்கெனவே ஒரு முறையாவது சரிசெய்தவர்கள். முதலில் பேட்டரியை மாற்றியிருப்பார்கள். கொஞ்ச நாள் ஓடியிருக்கும். அப்புறம் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். அதுவும் போனதும் இன்ஜின் கவரைக் கழற்றி, மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலையே மாற்றியிருப்பார்கள். இப்போது மறுபடியும் செல்ஃபை அழுத்தினால் ரிலே 'டிக் டிக்' என்று அடித்துக்கொள்வதோடு சரி. "இந்த மாடலுக்கே காயில் நிற்காது" என்று யாராவது தீர்ப்பும் சொல்லியிருப்பார்கள்.

இந்தக் கதையைக் கேட்டதும் நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை, மல்டிமீட்டரைத்தான் எடுக்கிறேன். பழுதான பொருளை மாற்றியிருக்கிறார்கள், அது ஏன் எரிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. எரித்த காரணம் வயரிங்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. பழையதை எரித்தது புதியதையும் எரிக்கும். மட்டமான பார்ட்ஸ் சந்தையில் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே வண்டியில் ஒரே பழுது திரும்பத் திரும்ப வரும்போது, கப்ளரையும் (வயர்களை இணைக்கும் செருகி) எர்த்தையும் (பேட்டரி நெகட்டிவோடு சேரும் பாடி இணைப்பு) பார்க்காமல் பார்ட்ஸைத் திட்டிப் பயனில்லை.

பெரும்பாலான பைக்குகளில் அமைப்பு எளிமையானது. கிராங்கோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலில் நிரந்தரக் காந்தங்கள் இருக்கும். அதற்குள் அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் காயிலில் ஏசி மின்சாரம் உண்டாகும். மூன்று ஃபேஸ் வகையில் ஒரே நிறத்தில் மூன்று வயர்கள் வெளியே வரும். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் மஞ்சள். அந்த ஏசியை டிசியாக்கி, வோல்டேஜைக் கட்டுக்குள் வைத்து பேட்டரிக்கு அனுப்புவது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். எல்லாப் பழைய வண்டியும் இப்படியல்ல. ஏர்ஹெட் எனப்படும் பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர்களில் கார் போலவே கார்பன் பிரஷ், ஸ்லிப் ரிங் வைத்த ஆல்டர்னேட்டர் இருக்கும். அதில் காந்தத்தை முதலில் எழுப்பும் கரன்ட், ஹேண்டில்பார் முன்னால் உள்ள மீட்டரில் எரியும் சார்ஜ் பல்ப் வழியாகத்தான் வருகிறது. அந்தச் சின்ன பல்ப் ஃப்யூஸ் போனாலே சார்ஜிங் படுத்துவிடும். இதைத் தெரியாமல் ஆல்டர்னேட்டரைப் பிரித்தவர்கள் உண்டு.

சோதனை பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டும். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். ஒரு செல் உள்ளே ஷார்ட்டான பேட்டரியை வைத்துக்கொண்டு நீங்கள் எடுக்கும் எந்த ரீடிங்கும் பொய்யாகவே இருக்கும். அது கரன்ட்டை விழுங்கி வோல்டேஜைக் கீழே இழுக்கும், பழி ஸ்டேட்டர் மேல் விழும். வெளி சார்ஜரில் முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால் லெட்-ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் சந்தேகப்படலாம். சந்தேகம் இருந்தால், நல்லது என்று தெரிந்த இன்னொரு பேட்டரியைப் போட்டுச் சோதிப்பதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரைப் பேட்டரி முனைகளிலேயே வைத்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாக ஏற்றுங்கள். 4000, 5000 ஆர்பிஎம் வாக்கில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வந்து நிற்க வேண்டும். 13-க்கு மேல் ஏறவே இல்லையென்றால் சார்ஜ் போதவில்லை. 15-ஐத் தாண்டினால் அதிக சார்ஜ். பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் வரிசையாகப் போகும். ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும்போது) 12.5 காட்டுகிறதே என்று பதற வேண்டாம். பழைய வண்டிகளில் ஐடிலில் ஆல்டர்னேட்டரின் உற்பத்தி குறைவுதான், ஹெட்லைட் எரிந்தால் இன்னும் குறையும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பேட்டரியில் 13 வோல்ட்டுக்குக் கீழே என்றதும் ரெக்டிஃபையரை ஆர்டர் செய்துவிடுகிறார்கள். ரெக்டிஃபையரிலிருந்து 14.3 வோல்ட் ஒழுங்காகக் கிளம்பி, பேட்டரிக்கு வரும் வழியில் ஒன்றரை வோல்ட் தொலைந்திருக்கலாமே என்று யோசிப்பதில்லை. பழைய வண்டிகளில் அந்த வழி நேர்வழியே அல்ல. ரெக்டிஃபையரின் பாசிட்டிவ் வயர் மெயின் வயரிங்குக்குள் புகுந்து, கப்ளர்களைத் தாண்டி, ஃப்யூஸ் ஹோல்டர், ஸ்டார்ட்டர் ரிலே என்று சுற்றித்தான் பேட்டரிக்கு வரும். இருபது, முப்பது வருடமாக மழையும் வெயிலும் பட்ட பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஒவ்வொரு முனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் கரையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முனையில் தடை வெறும் 0.1 ஓம்தான், அதன் வழியே 15 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் 1.5 வோல்ட் இழப்பு. கூடவே 22.5 வாட் வெப்பம். ஒரு சின்ன சால்டரிங் அயர்னை கப்ளருக்குள் செருகிவைத்த மாதிரி. சூட்டில் முனையின் பிடிப்பு தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. வெள்ளை கப்ளர் பழுப்பாகி, உருகி, ஒரு நாள் வயரோடு ஒட்டிக்கொள்ளும். 0.1 ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் நம்பி எடுக்க முடியாத எண். மீட்டர் வயருக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும். அதனால் தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் காட்டும் 'கன்டினியூட்டி' பீப் சத்தத்தை வைத்து வயரிங் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

இதைப் பிடிக்கும் வழி வோல்டேஜ் டிராப் சோதனை. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ரெக்டிஃபையரின் பாசிட்டிவ் வயர் கிளம்பும் இடத்தில், கப்ளரின் பின்புறமாகக் குத்துங்கள். இன்னொன்றை பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள். இன்ஜின் 4000 ஆர்பிஎம்மில், ஹெட்லைட் எரிய வேண்டும். 0.2 வோல்ட் வரை விட்டுவிடலாம். அரை வோல்ட் என்றால் வழியில் களிம்பு இருக்கிறது. அடுத்து ரெக்டிஃபையரின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே இதையே செய்யுங்கள். எர்த் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் பெயின்ட் மேல் முடுக்கிய எர்த் போல்ட்டை நான் எத்தனையோ வண்டிகளில் பார்த்திருக்கிறேன். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருந்தால் வயரில் கரன்ட் குறைவாக ஓடும், இழப்பும் சின்னதாகத் தெரியும். அதனால் சோதனைக்கு முன் ஹெட்லைட்டைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு பேட்டரியைச் சற்று இறக்கிக்கொள்வது நல்லது.

இதே இழப்பு சில வண்டிகளில் நேர் எதிராகவும் வேலை செய்யும். பழைய ஹோண்டாக்கள் சிலவற்றில் ரெகுலேட்டருக்கு வோல்டேஜைப் பார்த்துச் சொல்லத் தனியாக ஒரு கறுப்பு வயர் வரும், இக்னிஷன் சுவிட்சுக்குப் பிறகுள்ள லைனிலிருந்து. சுவிட்சில் கார்பன் பிடித்து அங்கே ஒரு வோல்ட் இழந்தால், பேட்டரியில் 14.4 இருக்கும்போது ரெகுலேட்டருக்கு 13.4 என்றுதான் தெரியும். போதவில்லை என்று இன்னும் ஏற்றும். பேட்டரி 15.4-ல் வேகும். ரெகுலேட்டரை மாற்றுவார்கள், புதியதும் அதையே செய்யும். தப்பு சாவி சுவிட்சில் இருக்கிறது.

வழியெல்லாம் சுத்தம் என்று தெரிந்த பிறகு ஸ்டேட்டரைச் சோதிக்கலாம். கப்ளரைக் கழற்றி, ஸ்டேட்டர் பக்கத்து வயர் ஒவ்வொன்றுக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் காயில் எர்த் ஆகிவிட்டது, விஷயம் முடிந்தது. பிறகு மீட்டரை ஏசிக்கு மாற்றி, இன்ஜினை 5000 ஆர்பிஎம்மில் ஓட்டி, இரண்டிரண்டு வயராக மூன்று ஜோடியையும் அளக்க வேண்டும். பல வண்டிகளில் 50 வோல்ட்டுக்கு மேல் வரும். சரியான அளவு அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மூன்றும் ஏறக்குறைய சமமாக இருப்பதுதான் முக்கியம். இந்த வோல்டேஜில் வெறும் முனையைக் கையால் தொடாதீர்கள். இன்னொன்று, காயில் ஆறியிருக்கும்போது தேறிவிட்டுச் சூடானதும் தோற்கும். வயர்மேல் இன்சுலேஷனாகப் பூசிய வார்னிஷ் வெந்த காயில் அப்படித்தான். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, சூடாக இருக்கும்போதே மறுபடி அளக்காத சோதனை பாதிச் சோதனை.

சரி, காயில் ஏன் வேகிறது? நிரந்தரக் காந்தத்தை நிறுத்தி வைக்க முடியாது. இன்ஜின் சுற்றும்வரை அது உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஷன்ட் வகை ரெகுலேட்டர். வோல்டேஜ் எல்லையைத் தொட்டதும் இது ஸ்டேட்டர் வயர்களையே ஒன்றோடொன்று ஷார்ட் செய்து மிச்சத்தைக் கழிக்கிறது. அந்த ஷார்ட் கரன்ட் முழுவதும் காயில் வழியாகத்தான் ஓடுகிறது. அதனால் லைட் எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஸ்டேட்டர் ஏறக்குறைய முழு வேலை பார்க்கிறது. "எல்இடி போட்டுவிட்டேன், இனி காயிலுக்குச் சுமை குறைவு" என்று நம்புகிறவர்கள் உண்டு. ஷன்ட் வகையில் காயிலுக்கு அந்த நிம்மதி கிடைக்காது; விளக்கு தின்னாத மின்சாரத்தை ரெகுலேட்டர் கழிக்க வேண்டியிருப்பதால் அது கூடுதலாகச் சூடாகும். பேட்டரிக்கு மிச்சம் கிடைக்கும், அது வேறு கணக்கு.

சீரிஸ் வகை ரெகுலேட்டர் இதற்கு மாறாக, தேவையில்லாதபோது சர்க்யூட்டைத் திறந்துவிடுகிறது. காயிலில் கரன்ட் ஓடாது, சூடு குறையும். ஷின்டென்கென் தயாரிக்கும் எஸ்ஹெச்775 இந்த வகை. திரும்பத் திரும்ப காயில் எரியும் மூன்று ஃபேஸ் வண்டிக்கு நான் பரிந்துரைப்பது இதுபோன்ற மாற்றத்தைத்தான், அதுவும் வயரிங்கைச் சரிசெய்த பிறகு. கருகிய கப்ளரிலேயே சீரிஸ் ரெகுலேட்டரைச் செருகினால் காசுதான் வீண். பெயர் அச்சடித்த போலிகளும் கிடைக்கின்றன, ஆகவே எங்கே வாங்குகிறோம் என்பதில் கவனம் தேவை.

வயரிங்கை எப்படிச் சரிசெய்வது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. கருகிய முனையைத் தேய்த்துத் திரும்பச் செருகுவது வேலையே அல்ல. இன்சுலேஷனை உரித்தால் செம்பு கறுத்திருக்கும். பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டி, சரியான டூலால் கிரிம்ப் செய்து (முனையை வயரோடு அழுத்திப் பிடிக்கவைத்து), சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவதை நான் ஜாயின்ட் என்று ஏற்பதில்லை. ஸ்டேட்டரின் மூன்று வயர்களுக்குக் கப்ளரே வேண்டாம் என்று நிரந்தரமாக இணைத்துவிடுவதும் பழைய வண்டிக்கு நல்ல முடிவுதான். ரெக்டிஃபையரின் பாசிட்டிவையும் நெகட்டிவையும் தடித்த வயரில் நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோங்கள். பாசிட்டிவில், பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். ரெக்டிஃபையர் உள்ளே ஷார்ட்டானால் வயரைப் பற்றவைப்பது பேட்டரிதான். சுஸுகியின் பழைய ஜிஎஸ் வரிசையில் ஸ்டேட்டரின் ஒரு வயர் ஹெட்லைட் சுவிட்ச் பக்கம்வரை போய்த் திரும்பி வரும். அந்தச் சுற்றை நீக்கி நேராக இணைப்பது அந்த வண்டி வைத்திருப்பவர்கள் நெடுநாளாகச் செய்துவரும் திருத்தம்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "நிற்காமல் ஓடுகிறது, சார்ஜிங் நன்றாக இருக்கிறது" என்று காட்டும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. உங்கள் வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். பேட்டரி தாங்கிப் பிடிக்காதபோது வோல்டேஜ் எகிறி, ரெகுலேட்டரும் ஸ்பார்க் கொடுக்கும் சிடிஐ யூனிட்டும் ஒன்றாகப் போகலாம். பேட்டரியை ஒரு நொடி தலைகீழாக இணைத்தாலும் ரெக்டிஃபையரின் டயோடுகள் போய்விடும்.

ஓட்டும்போது நன்றாகச் சார்ஜ் ஆகி, நிறுத்திவைத்த வண்டியில் மட்டும் பேட்டரி இறங்கினால் அது வேறு பழுது. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் ஆம்பியர் மீட்டரை வையுங்கள். சில மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால், முதலில் ரெக்டிஃபையர் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றுவிட்டால் டயோடு கசிகிறது. நிற்காவிட்டால் அலாரம், மொபைல் சார்ஜர் என்று வெளியிலிருந்து மாட்டியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்த அன்று எடுத்த ரீடிங்குகளை ஒரு தாளில் எழுதி, சீட்டுக்கு அடியில் ஒட்டிவைக்கச் சொல்வேன்: பேட்டரியில் எவ்வளவு, பாசிட்டிவ் பக்க இழப்பு எவ்வளவு, எர்த் பக்கம் எவ்வளவு, மூன்று ஃபேஸும் எவ்வளவு. அடுத்த சர்வீஸில் அதே ஆர்பிஎம்மில் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். 0.1 ஆக இருந்த இழப்பு 0.3 ஆகியிருந்தால், கப்ளர் கருகுவதற்கு முன்பே அதைக் கழற்றிப் பார்க்கலாம்.