சைக்கஸ் துளிர்க்கும் வாரங்கள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியின் மூலையில் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. அதில் ஒரு சைக்கஸ்; கட்டை அடித்தண்டின் தலையில் ஓலைகள் கொண்டையாக நிற்கும், பார்வைக்குப் பனை போன்ற செடி. ஆண்டில் பதினொரு மாதம் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோகும். துணி காயப்போடும்போது முள் குத்தினால்தான் நினைவு வரும். வாங்கும்போது அன்னாசிப்பழம் அளவில் இருந்த அடித்தண்டு, ஒன்பது ஆண்டுகள் கழித்து இப்போது சின்னக் குடம் அளவுக்கு வந்திருக்கிறது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் சைக்கஸின் தென்னாப்பிரிக்க உறவினம் ஒன்று, 1775இல் கப்பலில் வந்து இறங்கியது முதல் தொட்டியிலேயே வாழ்கிறது. இரண்டரை நூற்றாண்டில் அதன் தண்டு எட்டியிருக்கும் நீளம் நான்கு மீட்டர் சொச்சம். அதோடு ஒப்பிட்டால் எங்கள் வீட்டுச் செடி ஓட்டக்காரன்தான்.

இப்படிக் கிடக்கிற செடி ஆண்டுக்கு ஒரு முறை, எங்கள் வீட்டில் பெரும்பாலும் வைகாசியில், கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும், மூன்றே வாரத்தில் இருபத்தைந்து ஓலைகளை ஒரே மூச்சில் விடுகிறது. அதன்பின் அடுத்த வைகாசி வரை ஓர் இலைகூடக் கிடையாது.

வருவதை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். கொண்டையின் நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். மற்ற மாதங்களில் அங்கே இருப்பது பழுப்புக் கம்பளி போர்த்திய கட்டி; கூர்மையான செதிலிலைகள் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு கல் போல இருக்கும். துளிர் வரும் காலத்தில் அந்தக் கட்டி உப்பும். செதில்கள் விலகி நடுவில் வெளிறிய பஞ்சு தெரியும், அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கும். அதன்பின் சில நாட்களில் ஊதுவத்திக் கட்டைப் பிரித்து நட்டு வைத்ததுபோல் வெளிர் பச்சைக் குச்சிகள் வட்டமாக மேலே வரும். ஒரு வாரத்தில் சாண் உயரம். அடுத்த வாரம் முழ உயரம். காலையில் பார்த்ததற்கும் மாலையில் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரிகிற வளர்ச்சி.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்றால், அந்த மூன்று வாரத்தில் எந்த இலையும் புதிதாக உருவாவதில்லை. தண்டின் நுனியில் வளர்திசு மேடு ஒன்று இருக்கிறது. அது ஆண்டு முழுவதும் மெதுவாக இலைகளின் முதல் வடிவங்களைச் செய்துகொண்டே இருக்கும்: கொஞ்ச காலம் செதிலிலைகள், கொஞ்ச காலம் ஓலைகள், மறுபடி செதில்கள். செதில்களின் வேலை உள்ளே இருக்கும் குஞ்சு ஓலைகளைப் போர்த்திக் காப்பது. நாம் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்த மாதங்களில், ஓர் ஓலைக்கு எத்தனை சிற்றிலை என்பது உட்பட எல்லாம் உள்ளே தயாராகிவிடுகிறது. வெளியே வரும்போது நடப்பது முக்கியமாக நீளுவதுதான். செல்களுக்குள் தண்ணீர் ஏறி, அழுத்தம் கூடி, அவை நீண்டுகொண்டே போகின்றன. ஆகவே இந்த வாரங்களில் தண்ணீர் நிறுத்தினால் ஓலை குட்டையாக நின்றுவிடும்.

செலவுக்கான பணமும் முன்பே சேர்த்ததுதான். சைக்கஸ் தண்டை வெட்டினால் உள்ளே வைரம் பாய்ந்த கட்டை கிடையாது. மெல்லிய மரப்பகுதியைச் சுற்றியும் உள்ளேயும் மாவு நிறைந்த சோறு. பழைய ஓலைகள் ஆண்டு முழுவதும் வெயிலில் சம்பாதித்தது அங்கே மாவாகக் கிடக்கிறது. இதை வைத்துத்தான் நாற்றுப் பண்ணைகளில் இதற்கு ‘சாகோ பாம்’ என்று அட்டை மாட்டுகிறார்கள். இரண்டு சொல்லும் தவறு. இது பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, பூப்பதுமில்லை. பைன் மரம்போல விதையைக் கனிக்குள் மூடாத கூட்டம். நம் பாயசத்து ஜவ்வரிசியோ சேலத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது. பெயரை நம்பி யாரும் இந்தத் தண்டைச் சமைக்கக் கூடாது. இதில் சைக்கசின் என்ற நஞ்சு இருக்கிறது, நாய்கள் விதையைத் தின்று செத்ததுண்டு. 1920களில் சர்க்கரை விலை வீழ்ந்து ஒக்கினாவா தீவு பட்டினியில் விழுந்தபோது மக்கள் சைக்கஸ் மாவைத் தின்றார்கள். சரியாக ஊறவைத்துக் கழுவாமல் தின்றவர்கள் இறந்தார்கள். அந்தக் காலத்துக்கே அங்கே ‘சோதெட்சு ஜிகோகு’, அதாவது சைக்கஸ் நரகம், என்று பெயர்.

துளிரின் இரண்டாவது வாரத்தில் ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ஓலையின் நடுத்தண்டு நேராக நிமிர்ந்து நிற்கும். அதன் இருபுறமும் உள்ள சிற்றிலை ஒவ்வொன்றும் குட்டிக் கொசுவர்த்திச் சுருள் மாதிரி தன்னைத்தானே சுருட்டிக்கொண்டிருக்கும். ஓர் ஓலையில் நூற்றுக்கும் மேற்பட்ட சுருள்கள், மேலே வெள்ளை ரோமம். பெரணியும் இப்படிச் சுருளும் என்பீர்கள். பெரணியில் ஓலை முழுவதும் ஒரே சுருளாக, வயலின் தலைபோல வளைந்து வரும்; சைக்கஸில் நடுத்தண்டு நேராக நிற்க, சிற்றிலைகள்தான் சுருள்கின்றன. இறுக்கமான மொட்டுக்குள் இடத்தை மிச்சம் பிடிக்கவும், மிக இளசான நுனியை நடுவில் பொத்தி வைக்கவும் இது நல்ல ஏற்பாடு. சுருளின் உட்பக்கச் செல்கள் வெளிப்பக்கச் செல்களைவிட அதிகம் நீளத் தொடங்கும்போது சுருள் தானாகப் பிரிகிறது.

இந்தச் சுருள்தான் நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சைக்கஸுக்குப் பெயரே கொடுத்தது. 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு ‘சைக்கஸ் சர்சினாலிஸ்’ என்று பெயர் வைத்தார்; சர்சினாலிஸ் என்றால் சுருண்டது. மலையாளக் கரையின் தாவரங்களைப் படங்களோடு பதிவுசெய்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் இந்த மரம் ஏற்கெனவே இடம்பெற்றிருந்தது. கேரளத்தில் இது ஈந்து. விதையை வெட்டிக் காயவைத்து, நாள்கணக்கில் ஊறவைத்து நஞ்சை எடுத்து, மாவாக்கி ஈந்துப் பிடி செய்வார்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்பது இதன் ஆண் கூம்பின் செதில்கள். பூ என்று பெயர், பூவும் அல்ல. தொட்டியில் நாம் வளர்ப்பது பெரும்பாலும் இதன் ஜப்பானிய உறவான ‘ரெவல்யூட்டா’. சிற்றிலையின் ஓரம் கீழ்நோக்கி மடிந்திருப்பதால் அந்தப் பெயர்.

சுருள் பிரிந்த பிறகும் ஓலை சில வாரங்கள் தொட்டால் துவளும் பதத்தில் இருக்கும். பிறகு மேலே மெழுகுத் தோல் தடித்து, உள்ளே கட்டைத்தன்மை ஏறி, நுனி முள்ளாகி, பிளாஸ்டிக் போல விறைக்கும். விறைத்த பிறகு அது வளராது, வளையாது, திருந்தாது. தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு குருத்தாக விரிக்கிறது. ஒரு மாதம் ஏதாவது கெட்டால் ஒரு ஓலை கெடும். சைக்கஸ் முழுக் கொண்டையையும் ஒரே தவணையில் கட்டிவிடுகிறது. அந்த மூன்று வாரத்தில் நேர்ந்தது எதுவோ, அதைத்தான் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் தலையில் சுமந்துகொண்டிருக்கும்.

இதை நான் கற்றது தொட்டியைத் திருப்பித்தான். துளிர் பாதியில் இருந்தபோது, எல்லாப் பக்கமும் சமமாக வெயில் படட்டுமே என்று, நல்லெண்ணத்தில் அரை வட்டம் திருப்பினேன். நீண்டுகொண்டிருந்த ஓலைகள் வெயிலைத் தேடி மறுபடி வளைந்தன. மின்விசிறி இறக்கை முறுகியதுபோல ஒரு கொண்டை அமைந்தது. மூன்று ஆண்டு அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நிழலில் துளிர்த்தாலும் இதே கதைதான்: ஓலை நீண்டு, சிற்றிலைகள் இடைவெளி விட்டு, சோம்பலாகத் தொங்கும். பிறகு வெயிலில் வைத்து என்ன பயன்?

சத்துக் குறைவும் அப்படியே. புதுத் துளிர் மட்டும் மஞ்சளித்து, தீயில் வாட்டியதுபோல் சுருங்கி வந்தால், பெரும்பாலும் மாங்கனீசுக் குறைவு. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. காரத்தன்மை ஏறிய மண்ணில் மாங்கனீசு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. மாங்கனீசு சல்ஃபேட் கரைத்து ஊற்றலாம். ஆனால் வாடி வந்த ஓலை வாடியதுதான். மருந்து வேலை செய்ததா என்று அடுத்த துளிரில்தான் தெரியும். ஜப்பானியர்கள் இந்தச் செடியைச் சோதெட்சு என்கிறார்கள். இரும்பால் உயிர்த்தெழுவது என்று பொருள். நலிந்த செடியில் ஆணி அடித்தால் பிழைக்கும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. ஆணி அடிக்க வேண்டாம். ஏதோ ஓர் உலோகச் சத்து குறைகிறது என்று அந்தக் காலத்திலேயே யாருக்கோ பட்டிருக்கிறது என்பது மட்டும் எனக்கு வியப்பு. அதேபோல் பழைய ஓலைகளை அழகுக்காக முன்கூட்டியே வெட்டவும் வேண்டாம். பச்சையாக இருக்கும் வரை அவை சம்பாதிக்கின்றன. மஞ்சளாகும்போது தங்கள் சத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போகின்றன.

இனி எறும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான்காம் ஆண்டுத் துளிரில் கட்டெறும்புகள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. எறும்புதானே என்று விட்டேன். ஐந்தாறு நாள் வெளியூர் போய்த் திரும்பினால், ஓலைகள் இருந்த இடத்தில் ரோமம் உதிர்ந்த நடுத்தண்டுகள் மட்டும் மீன் முள் மாதிரி நின்றன. அடியில் அரிசி அளவில் பச்சையும் அரக்குமாகப் புழுக்கள். ஆங்கிலத்தில் ‘பிளெயின்ஸ் கியூபிட்’ எனப்படும், கட்டைவிரல் நகம் அளவுள்ள நீலப் பட்டாம்பூச்சியின் பிள்ளைகள். தாய்ப்பூச்சிக்குச் சைக்கஸின் இளந்துளிர்தான் குறி. சுருள் பிரியாத நிலையிலேயே தேடி வந்து முட்டை வைக்கும். புழுவின் முதுகில் பின்பக்கம் ஒரு சுரப்பி இனிப்பான துளி விடுகிறது. அதை நக்க வரும் எறும்புகள், கூலிக்கு அடியாள் வேலை பார்ப்பதுபோல், குளவிகளையும் சிலந்திகளையும் விரட்டிப் புழுவைக் காக்கின்றன. எறும்பு நடமாட்டத்தைக் கண்டதும் நான் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

சைக்கஸின் நஞ்சு இந்தப் புழுக்களைத் தடுப்பதில்லை. தடுப்பது விறைப்புதான், மெழுகுத் தோல் தடித்த ஓலையை அவற்றின் வாய் கடிக்காது. ஆக இது ஒரு பந்தயம்: முட்டை பொரிந்து புழு பெருப்பதற்குள் ஓலை விறைத்துவிட வேண்டும். எல்லா ஓலையும் ஒரே நேரத்தில் ஏன் வருகிறது என்ற கேள்விக்கும் இங்கே பாதி விடை இருக்கிறது. சிறிது சிறிதாகத் துளிர்த்தால் புழுவுக்கு ஆண்டு முழுவதும் விருந்து. ஒரே வீச்சில் துளிர்த்து, ஒரே வீச்சில் விறைத்து, மீதி மாதங்களில் கடிக்க ஒன்றுமே இல்லாமல் வைத்துவிட்டால் பூச்சிக் கூட்டம் பெருக வழி குறையும். காட்டில் காட்டுத்தீக்கோ முதல் மழைக்கோ பிறகு பல மரங்கள் சேர்ந்து துளிர்க்கும்போது, தின்றது போகவும் மிஞ்சும். மொட்டை மாடியில் தனியாக நிற்கும் செடிக்கு அந்தக் கூட்டணி கிடையாது. பேட்டையில் உள்ள பட்டாம்பூச்சிகள் அத்தனையும் அதன் தலையில்தான் இறங்கும். நம் ஊரில் இந்தப் பூச்சி தொன்றுதொட்டு இருப்பது. 2005இல் பசிபிக்கின் குவாம் தீவுக்குள் இது நுழைந்தபோது, அங்கே காடுகளில் மலிந்து கிடந்த சைக்கஸ் இனம் ஏற்கெனவே வெளியிலிருந்து வந்த ஒரு செதில்பூச்சியிடம் சிக்கியிருந்தது. செதில்பூச்சி பழைய ஓலையை உறிஞ்சியது. புழு புதிய ஓலையைத் தின்றது. சம்பாதிக்க ஓலை இல்லை, சேமித்த மாவிலிருந்து மறுபடி மறுபடி துளிர்ப்பதற்கும் எல்லை உண்டல்லவா? அந்த இனம் இன்று அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது.

எங்கள் செடி அந்த ஆண்டு தப்பியது. இரண்டு மாதம் கழித்து மொட்டு மறுபடி உப்பி, பத்துப் பன்னிரண்டு குட்டை ஓலைகளை விட்டது. கையிருப்பில் எடுத்த செலவு என்பது பார்த்தாலே தெரிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து மருந்து அடிப்பதில்லை. பழைய கொசுவலையைத் துளிர் விறைக்கும் வரை போர்த்திவிடுகிறேன். கொசுவர்த்திச் சுருளுக்குக் கொசுவலை என்று வீட்டில் கேலி.

தொட்டி மாற்றியபோது வேரையும் பார்த்தேன். மண்ணின் மேல்மட்டத்தில் சில வேர்கள் கீழே போகாமல் மேல்நோக்கி வந்து, இஞ்சித் துண்டுபோலக் கிளைத்து முடிச்சு முடிச்சாக இருந்தன. நோய் என்று வெட்டப் போனேன். பவள வேர் என்று அதற்குப் பெயர். ஒன்றைக் குறுக்கே கீறினால் உள்ளே கரும்பச்சையில் ஒரு வளையம் தெரியும். அங்கே குடியிருக்கும் நீலப்பசும்பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. பாறையிலும் ஏழை மண்ணிலும் இது பிழைப்பதற்கு அந்தக் குடித்தனக்காரரும் ஒரு காரணம்.

வயது வந்த செடியின் கொண்டையில் ஓலைக்குப் பதிலாக வேறொன்றும் வரும். ஆண் செடியானால் நடுவில் ஒரு நீண்ட கூம்பு. தண்டின் நுனி அதோடு முடிந்து, பக்கத்தில் புது மொட்டு எழுந்துதான் வளர்ச்சி தொடரும். பெண் செடியில் கூம்பே கிடையாது. இறகு போன்ற, தவிட்டு நிறக் கம்பளி போர்த்திய இலைகள் வட்டமாக வரும். அவற்றின் காம்போரத்தில் சூல்கள் இருக்கும். அது முடிந்ததும் அதே நுனி ஒன்றும் நடக்காததுபோல் நடுவிலிருந்து மறுபடி ஓலைகளை விடும். எங்களுடையது ஆணா பெண்ணா என்று இன்னும் சொல்லவில்லை.

‘டைனோசர் காலத்து மரம்’ என்று விற்பவர் சொன்னார். குலம் அவ்வளவு பழையதுதான், சந்தேகமில்லை. ஆனால் 2011இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இன்று உயிரோடிருக்கும் சைக்கஸ் வகையறா இனங்களில் பெரும்பாலானவை கடந்த ஏறத்தாழ 1.2 கோடி ஆண்டுகளுக்குள் பிரிந்தவை என்று காட்டியது. டைனோசர்கள் போய் அதற்குள் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

நேற்றுக் காலை விரலை வைத்துப் பார்த்தேன். நடு மொட்டு கொஞ்சம் கொடுத்தது. எறும்பு இல்லை. கொசுவலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். தொட்டியின் வடக்குப் பக்கம் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து, இதைத் திருப்பாதே என்று எனக்கே எழுதி வைத்திருக்கிறேன்.