அம்மாவின் பெயரில் அறக்கட்டளை தொடங்குமுன்

மட்டக்களப்பில் 2004 சுனாமிக்குப் பிறகு நிதியம், மன்றம், அறக்கட்டளை என்று எத்தனையோ முளைத்தன. லண்டனில் இருக்கும் மகன் காசு அனுப்புவார், களுவாஞ்சிகுடியில் இருக்கும் அப்பா பிள்ளைகளுக்குக் கொப்பியும் சைக்கிளும் வாங்கிக் கொடுப்பார். நல்ல விசயம்தான். “பதிஞ்சாச்சா?” என்று கேட்டால், “ஓம், பிரதேச செயலகத்தில பதிஞ்சிற்றம்” என்று ஒரு கடதாசியைக் காட்டுவார்கள். சிக்கல் அந்தக் கடதாசியில்தான் தொடங்குகிறது.

தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிந்து மேற்பார்வை செய்வதற்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டப்படி நடப்பது அந்தப் பதிவு. அதனால் உங்கள் அமைப்பு அரசின் கண்ணுக்குள் வருகிறதே தவிர, தன் பெயரில் காணி வாங்கக்கூடிய சட்ட ஆளாக மாறுவதில்லை. மோசடி நடந்தது விசாரணையில் தெரிந்தால் இடைக்கால முகாமைத்துவ சபையை நியமிக்கவும் 1998இல் வந்த திருத்தம் இடம் கொடுக்கிறது.

அப்படியானால் எந்த உருவம் எடுப்பது? ஒன்று, 1917இன் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் ட்ரஸ்ட். வறுமை நீக்கல், கல்வி, சமயம், பொதுநன்மை எல்லாம் அதற்குள் அடங்கும். காணி சேர்ந்தால் நொத்தாரிசு எழுதிய உறுதி, அதாவது சட்டப் பத்திரம், கட்டாயம். காணி ட்ரஸ்டை நடத்தும் பொறுப்பாளர்களின் பெயரில் நிற்கும், ஆனால் அவர்களுடையது அல்ல. மற்றது, 2007இன் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. உறுப்பினர்கள் பங்கு வாங்குவதில்லை, தேவைப்பட்டால் ஒரு தொகை தருவதாக உத்தரவாதம் கொடுக்கிறார்கள்; இலாபத்தைப் பிரித்தெடுக்க முடியாது, ஆனால் அது தனியான சட்ட ஆள். பதிலுக்கு ஆண்டுதோறும் கணக்காய்வும் கம்பனிப் பதிவாளருக்கு அறிக்கையும். புலமைப்பரிசில் மட்டும் கொடுப்பவருக்கு ட்ரஸ்ட் போதும் என்பேன். கட்டடம், ஊழியர் என்று போவதானால் கம்பனி. காத்தான்குடி, கல்முனைப் பக்கம் பள்ளிவாசலுக்கு எழுதிக்கொடுத்த வக்பு சொத்து வேறு கதை. அதற்கு 1956இன் 51ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

நான் பார்த்த ஒரு உறுதியில் அப்பா, மகன், மருமகன் மூவரும் பொறுப்பாளர்கள். வங்கியில் இரண்டு கையெழுத்து வேண்டும். மருமகன் கனடா போனார், அப்பா காலமானார். காசு கணக்கில் அப்படியே கிடந்தது. ஒருவர் விலகினால் அடுத்தவரை யார் நியமிப்பது என்று உறுதியில் ஒரு வரியும் இல்லை. கோப்பியும் தேநீருமாகப் பேசித் தீர்க்கவேண்டியது கடைசியில் மாவட்ட நீதிமன்றம் வரை போனது. அந்த ஒரு வரியை எழுதச்சொல்லிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வெளியாள் ஒருவரையும் சேருங்கள். வீட்டாரே மூவரும் என்றால் “இல்லை” சொல்ல ஆள் இருக்காது.

பொறுப்பாளர் ட்ரஸ்டின் சொத்தைத் தானே வாங்கக் கூடாது, உறுதியில் இல்லாமல் சம்பளம் எடுக்கக் கூடாது, கணக்கு வைத்துக் காட்ட வேண்டும். மீறினால் சட்டமா அதிபர், அல்லது அந்த அறத்தில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து வழக்குப் போடலாம். ஊருக்குள் அந்த ஐந்து பேரைத் தேடுவது கஷ்டமில்லை.

அப்புறம் வரி. தர்மம் என்றால் வரி இல்லை என்று நினைக்கவேண்டாம். நன்கொடை கொடுத்த தனியாளுக்கு 2017இன் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் தரும் கழிவு, வரி அறவிடத்தக்க வருமானத்தில் மூன்றிலொன்று அல்லது 75,000 ரூபாய், எது குறைவோ அது. அதுவும் நோயாளரையோ ஆதரவற்றோரையோ வைத்துப் பராமரிக்கும், வர்த்தமானியில் அறிவித்த நிறுவனத்துக்குக் கொடுத்தால்தான். பற்றுச்சீட்டில் “வரிவிலக்கு உண்டு” என்று சும்மா அச்சடிக்கவேண்டாம். பத்து இலட்சம், அதற்கு மேல் காசாகக் கட்டினால் வங்கி மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும். அது குற்றச்சாட்டல்ல, வழமை.

கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தால் ஆறு மாதக் கூட்டமும் ஒரே நாளில் எழுதியதுபோல ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும். கணக்காய்வாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். கூட்டம் முடிந்த அன்றே நாலு வரி எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். சைக்கிள் கொடுத்தால் அதன் இலக்கத்தையும் எழுதி, பக்கத்தில் அந்தப் பிள்ளையின் தாயின் கையெழுத்தை வாங்கி வையுங்கள்.