எந்த மெஷின்னு கேக்குறதுக்கு முன்னாடி, முகத்துல எது தொங்குதுன்னு பாருங்க

சிங்கப்பூர்ல என் கிளினிக்குக்கு வர்ற நம்ம ஆளுங்க இப்பல்லாம் மெஷின் பேரோடதான் வர்றாங்க. "டாக்டர், தாடை ஓரம் தொங்குது, ஹைஃபு எவ்வளவு?", "என் ஃப்ரெண்டு தெர்மாஜ் பண்ணா, எனக்கும் அதே வேணும்"னு. ரெண்டுமே சூடு வச்சு முகத்தை இறுக்குற மெஷின். கேக்குறது தப்பே இல்ல, இன்ஸ்டாகிராம் முழுக்க அந்தப் பேருதான ஓடுது. ஆனா அந்தக் கேள்விக்கு நேரா பதில் சொல்ல எனக்கு மனசு வர்றதில்ல, ஏன்னா ஒரே மாதிரி "தொங்குது"ன்னு சொல்ற நாலு பேருக்கு நாலு வேற காரணம் இருக்கும், அதுல ரெண்டு பேருக்காவது மெஷினே தேவைப்படாது, இன்னொருத்தருக்கு மெஷின் போட்டா இருக்குறதும் கெட்டுப்போகும்.

முகம் வயசாகுறதுன்னா தோல் மட்டும் தளர்றது இல்லங்க. உள்ள இருக்குற எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரையுது, முக்கியமா கண்குழி ஓரமும் மேல்தாடையும். கன்னத்துக் கொழுப்பு சில இடத்துல வத்துது, சில இடத்துல கீழ இறங்குது. அதுக்கும் மேல தசையைப் போத்தி ஸ்மாஸ்னு ஒரு நார்ப்படலம் இருக்கு, அதுவும் தளருது, கடைசியா மேல இருக்குற தோல். இதுல மெஷின் இறுக்குறது தோலையும் அந்தப் படலத்தையும் மட்டும்தான். தலையணையில பஞ்சு குறைஞ்சு போயிருக்கும்போது உறையை மட்டும் இழுத்துத் தைச்சா தலையணை நிமிராது, சப்பையா இறுகித்தான் நிக்கும். கன்னம் ஒட்டிப்போனவங்களுக்கு ஹைஃபு போட்டா நடக்குறதும் இதுதான்.

அதனால நான் முதல்ல செய்யுறது, அவங்க கையில ஒரு கண்ணாடியைக் குடுத்து, உக்காந்தபடி ஒரு தடவை, மல்லாந்து படுத்தபடி ஒரு தடவை முகத்தைப் பாக்கச் சொல்றது. படுத்தா தொங்குறது எல்லாம் காதுப்பக்கம் போயிடும், தாடை கோடு பளிச்னு தெரியும், "ஆங், இது மாதிரிதான் வேணும்"பாங்க. இல்லன்னா ரெண்டு விரலால கன்னத்தை மேல இழுத்துப் பிடிச்சுக் காட்டுவாங்க. அது ஆபரேஷன் பண்ணி வர்ற ரிசல்ட், மெஷின் அவ்வளவு தராது. 2010ல வந்த ஒரு அல்ட்ராசவுண்ட் ஆய்வுல புருவம் சராசரியா ஏறினது 1.7 மில்லிமீட்டர்தான், அதுவும் 90 நாள் கழிச்சுப் பாத்தப்போ. அளவுகோலை எடுத்து அந்த 1.7 மில்லிமீட்டரைக் காட்டிட்டுத்தான் நான் மேல பேசவே ஆரம்பிப்பேன். கொஞ்சமா தளர்ந்த முகத்துக்கு அது நல்ல வித்தியாசம்தான், கழுத்துல தோல் மடிஞ்சு தொங்குறவங்களுக்கு அது கண்ணுக்கே தெரியாது.

சரி, மெஷின் உள்ள என்னதான் பண்ணுது? சூடு வைக்குது, அவ்வளவுதான். ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்டுல, அதாவது ஹைஃபு, அல்தெரபி வகையில, ஒலி அலையைத் தோலுக்குள்ள 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழத்துல குவிச்சு சின்னச் சின்னப் புள்ளியா 60 டிகிரிக்கு மேல சூடாக்குவாங்க. 4.5ங்கறது அந்த ஸ்மாஸ் படலத்துக்கிட்ட போற ஆழம். அந்த இடத்துக் கொலாஜன், அதாவது தோலை உறுதியா வச்சிருக்குற புரதம், சுருங்கும், உடம்பு அதைக் காயமா நினைச்சு புதுக் கொலாஜன் கட்டும், அதுக்கு மூணு மாசத்துல இருந்து ஆறு மாசம் ஆகும். தெர்மாஜ் மாதிரி ரேடியோ அலை மெஷின் புள்ளியா இல்லாம தோலோட நடு அடுக்கை மொத்தமா சூடாக்கும். அமெரிக்காவோட மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002ல இதைக் கண்ணைச் சுத்தி இருக்குற சுருக்கத்துக்கு அனுமதிச்சுது, அல்தெரபியை 2009ல புருவம் தூக்க, 2012ல கழுத்துக்கும் தாடைக்குக் கீழயும். அதனால தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது வந்து "பண்டிகைக்குள்ள இறுக்கிடுங்க டாக்டர்"னு கேட்டா நடக்காது. பண்ணின உடனே கண்ணாடியில தெரியுற இறுக்கத்துல பாதி வீக்கம்.

ரேடியோ அலை பண்ணும்போது உடம்புல உலோகம் இருக்கக்கூடாது. நம்ம அம்மாக்களுக்கு இதை முன்னாடியே போன்ல சொல்லிடுவோம், மூக்குத்தி, மெட்டி, தாலிச் செயின் எல்லாம் கழட்டணும், தாலி கழட்ட மனசு இல்லாதவங்க அன்னைக்கு மட்டும் மஞ்சக் கயித்துல மாத்திக் கட்டிட்டு வரலாம்னு. ட்ரீட்மென்ட் அறையில உக்கார வச்சு திடீர்னு கழட்டச் சொன்னா அவங்க சங்கடப்படுறாங்க, அந்தச் சங்கடம் தேவையே இல்ல. பேஸ்மேக்கர் வச்சவங்களுக்கு இந்த மெஷின் கூடவே கூடாது.

இப்ப நம்ம தோலுக்கு வர்றேன், இது பத்தி விளம்பரத்துல யாரும் பேசுறதில்ல. நம்ம தோல்ல மெலனின்ங்கற நிறமி அதிகம், அதனால சுருக்கம் லேட்டாத்தான் வரும், அது நமக்குக் கிடைச்ச வரம். ஆனா அதே தோல் சூடு பட்டாலும் காயம் பட்டாலும் கறுத்துடும், அந்தக் கறுப்பு போக மாசக்கணக்கு ஆகும். லேசர்ல பல வகை நிறத்தைத் தேடிப் போற ஒளி, அதனால நம்ம தோல்ல ரொம்பக் கவனமா பண்ணணும். அல்ட்ராசவுண்டும் ரேடியோ அலையும் நிறம் பாக்குறதில்ல, அந்த வகையில நமக்குப் பாதுகாப்புதான். ஆனா கை தப்பினா அதுவும் சுடும். என்கிட்ட வந்த ஒரு அக்காவுக்கு ரெண்டு கன்னத்துலயும் விரல் அகலத்துக்கு ஒரே அளவுல, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா பழுப்புக் கோடு, ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி. மலிவு ஆஃபர்ல எங்கயோ ஹைஃபு பண்ணியிருக்காங்க. மெஷின் தலையைத் தோல்ல சரியா அழுத்தாம, ஜெல் பத்தாம சுட்டா சூடு ஆழத்துக்குப் போகாம மேலயே நின்னுடும், அதுதான் அந்தக் கோடு. வேலைக்கு மாஸ்க் போட்டுட்டுப் போறேன் டாக்டர்னு சொன்னாங்க. கோவிட் எல்லாம் முடிஞ்சு இவ்வளவு நாள் ஆச்சு, ஒரு கோட்டை மறைக்க மாஸ்க் போடுற நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

கோடு கூட ஆறிடும். ஆறாதது கொழுப்பு இழப்பு. ஒல்லியான முகத்துல ஆழமான முனையை வச்சு திரும்பத் திரும்பச் சுட்டா கன்னக் கொழுப்பு கரைஞ்சு குழி விழும், பத்து வயசு கூடின மாதிரி ஆயிடும். கீழ்உதட்டை அசைக்குற நரம்பு தாடை ஓரமா ரொம்ப மேலாப்ல ஓடுது, அதுக்குச் சூடு பட்டா சிரிச்சா வாய் ஒருபக்கம் கோணும், பெரும்பாலும் சில வாரத்துலயோ மாசத்துலயோ சரியாகும், ஆனா அதுவரைக்கும் அந்த ஆளு படுற பாடு எனக்குத் தெரியும். ஊசி முனையோட ரேடியோ அலை விடுற மைக்ரோநீட்லிங் பத்தி எஃப்டிஏ 2025 அக்டோபர்ல தனியா எச்சரிக்கையே குடுத்துது, தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புச் சேதம் எல்லாம் புகாரா வந்துச்சுன்னு. அந்த சிகிச்சையே கெட்டதுன்னு நான் சொல்லல, முகப்பருத் தழும்புக்கு நானே அதைச் சொல்றதுண்டு. ஆனா யார் கையில இருக்குன்றது ரொம்ப முக்கியம்.

எம்ஆர்டி ஸ்டேஷன் பக்கம் மால்ல ரோடுஷோ போட்டு "முதல் தடவை வெறும் 38 வெள்ளி"ன்னு கூப்பிடுறாங்க இல்லையா, அங்க பெரும்பாலும் நடக்குறது என்னன்னா, படுக்க வச்சு பாதி முகம் மட்டும் பண்ணிட்டு கண்ணாடியைக் காட்டி, "பாருங்க அக்கா இந்தப் பக்கம் எவ்வளவு தூக்கியிருக்கு"ன்னு சொல்லி பத்து தடவை பேக்கேஜுக்குக் கார்டு தேய்க்க வைக்குறது. அந்தப் பாதி முகத்து வித்தியாசம் வீக்கம்னு மேலயே சொல்லிட்டேன். பயனீட்டாளர் சங்கத்துக்கு வர்ற புகார்கள்ல அழகு நிலையத் துறை எப்பவுமே முன்வரிசையில இருக்குறதுக்கு இந்த முன்பணப் பேக்கேஜ் ஒரு பெரிய காரணம். ஒழுங்கா பண்ணின அல்ட்ராசவுண்டை வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல பண்ண வேண்டிய தேவை பெரும்பாலானவங்களுக்கு வராது, அப்ப பத்து தடவை எதுக்கு? ஜொகூர்ல பாதி விலைன்னு காஸ்வே தாண்டிப் போறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், போங்க, அங்கயும் நல்ல டாக்டர்கள் இருக்காங்க, ஆனா என்ன மெஷின், எந்த ஆழம், எத்தனை ஷாட்னு எழுதி வாங்கிட்டு வாங்க. பிரச்சினைன்னு இங்க எங்ககிட்ட வரும்போது எங்களுக்குத் தேவைப்படுற முதல் தகவல் அதுதான்.

பண்றவர் டாக்டரான்னு தெரியலன்னா சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தோட பதிவேட்டுல பேரைப் போட்டுப் பாக்கலாம், ஆன்லைன்ல எல்லாருக்கும் திறந்து இருக்கு. மெஷின் இங்க பதிவானதான்னு சுகாதார அறிவியல் ஆணையத்தோட மருத்துவச் சாதனப் பதிவேட்டுல தேடலாம். கேக்குறதுக்குக் கூச்சப்படாதீங்க, கேள்வி கேட்டா முகம் சுளிக்குற இடத்துல முகத்தைக் குடுக்காதீங்க. அப்புறம், இது அழகு சிகிச்சை, மருத்துவச் செலவுக்கான நம்ம மெடிசேவ் சேமிப்புல இருந்து பணம் எடுக்க முடியாது, "கிளெய்ம் பண்ணித் தர்றோம்"னு யாராவது சொன்னா அப்பவே எழுந்து வந்துடுங்க.

யாருக்குப் பலன் தெரியும்னு கேட்டா, முப்பத்தஞ்சுல இருந்து ஐம்பத்தஞ்சு வரைக்கும், தாடை ஓரம் லேசாத் தளர ஆரம்பிச்சவங்க, கன்னத்துல இன்னும் சதை இருக்குறவங்க. மாதவிடாய் நின்ன முதல் அஞ்சு வருஷத்துல தோல் கொலாஜன் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிடும்னு சொல்லுவாங்க, அந்த வயசு அம்மாக்கள் "திடீர்னு முகம் இறங்கிடுச்சு"ன்னு சொல்றது கற்பனை இல்ல. எடை குறைக்கிற ஊசி போட்டு வேகமா இளைச்சவங்க இப்ப நிறைய வர்றாங்க, அவங்களுக்குக் குறைஞ்சது கொழுப்பு, முதல்ல எடை ஒரு இடத்துல நிக்கட்டும். நம்மள்ல சர்க்கரை அதிகம், சர்க்கரை கட்டுக்குள்ள இல்லன்னா காயம் ஆற லேட்டாகும், பாலிகிளினிக்ல எடுத்த கடைசி எச்பிஏ1சி ரிப்போர்ட்டை, அதாவது மூணு மாசச் சர்க்கரை சராசரியை, நான் கேட்டுப் பாப்பேன். கண்ணுக்குக் கீழ கருப்பும் குழியும்தான் பிரச்சினைன்னா இறுக்குற சிகிச்சை அதுக்கு மருந்தே இல்ல.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாப் படுறது சன்ஸ்கிரீன். "நான் ஏற்கனவே கறுப்பு, எனக்கு எதுக்கு"ன்னு கேக்காதவங்க ரொம்பக் கம்மி. நம்ம ஊர்ல மத்தியானத்துல புற ஊதாக் கதிர் குறியீடு 11ஐத் தொடுற நாளெல்லாம் உண்டு, தேசியச் சுற்றுப்புற வாரியம் தினமும் போடுது, பாருங்க. ஆஸ்திரேலியாவுல நாம்பூர்ங்கற ஊர்ல 900க்கு மேல ஆளுங்களை நாலரை வருஷம் கவனிச்ச ஆய்வு 2013ல வந்துச்சு, தினமும் சன்ஸ்கிரீன் போட்ட குழுவுக்கு தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. அங்க இருந்தவங்க வெள்ளைத்தோல்காரங்க, அதை அப்படியே நமக்குப் போட முடியாது, ஆனா கருமை படியுறதும் கொலாஜன் அழியுறதும் நமக்கும் வெயில்லதான் நடக்குது. ராத்திரிக்கு டாக்டர் எழுதிக் குடுக்குற ட்ரெட்டினோயின்ங்கற வைட்டமின் ஏ வகைக் கிரீம் ஒண்ணு, கர்ப்பமா இருந்தா வேணாம். இந்த ரெண்டையும் ஒழுங்காப் போடுறவங்களுக்கு மெஷின் பேச்சை ஒரு வருஷம் தள்ளி வைக்கச் சொல்றேன், அதுல பல பேரு அப்புறம் மெஷினே கேக்கிறதில்ல.

அதுக்கப்புறமும் பண்றதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, வலிக்கும்னு தெரிஞ்சே வாங்க, தாடை எலும்பு மேல போகும்போது ஜிவ்வுனு இழுக்கும். ரெண்டு நாள் வீக்கமும் தொட்டா வலியும் சாதாரணம், காதோரம் சில வாரம் மரத்த மாதிரி இருக்குறதும் உண்டு. ஆனா கொப்புளம், கோடு கோடா தடிப்பு, சிரிச்சா வாய் கோணுறது, கண்பார்வை மங்குறது, இதுல எது தெரிஞ்சாலும் "நாளைக்குப் பாக்கலாம்"னு விடாதீங்க, மஞ்சள், கத்தாழைன்னு எதையும் தடவாதீங்க, அன்னைக்கே பண்ணின டாக்டருக்குப் போன் போடுங்க, அவர் கிடைக்கலன்னா பார்வை விஷயத்துக்கு நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.