நோயாளி பேசும் ஆங்கிலத்தை டிவியில் கேளுங்கள்

பிரிட்டனுக்கு வேலைக்குப் போகத் தயாராகும் நர்ஸ்களுக்கு ஓஇடி தேர்வுக்கான (மருத்துவத் துறையில் வேலை செய்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு) ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் சில வருடம் வார்டில் வேலை பார்த்தவர்கள். டிஸ்னியா (மூச்சுத்திணறல்), எடிமா (வீக்கம்), ஹைப்போகிளைசீமியா (ரத்தச் சர்க்கரை குறைதல்) எல்லாம் அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் ரோல் பிளேயில், அதாவது நோயாளியும் நர்ஸுமாக நடித்துப் பேசும் பயிற்சியில், நான் நோயாளியாக உட்கார்ந்து, "ஐ ஹேட் அ ஃபன்னி டர்ன் திஸ் மார்னிங்" என்று சொன்னால், பலரும் புன்னகையோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஏதோ வேடிக்கையாக நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த நோயாளி சொல்ல வந்தது வேறு. காலையில் திடீரென்று தலைசுற்றி, நிலைதடுமாறிப் போயிருக்கிறார். வயதானவர் இப்படிச் சொன்னால் அது பக்கவாதத்துக்கு முந்தைய எச்சரிக்கையாகக்கூட இருக்கலாம். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, பேச்சு குழறியதா, ஒரு பக்கக் கை கால் பலவீனமானதா என்று உடனே துருவிக் கேட்க வேண்டிய இடம் அது.

'ஃபன்னி', 'டர்ன்' இரண்டுமே பள்ளியில் படித்த சொற்கள்தான். சேர்ந்து வரும்போதுதான் கைவிட்டுவிடுகின்றன. 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்றால் கை கால் மரத்து, சுருக் சுருக்கென்று குத்துவது. சர்க்கரை நோயாளி சொன்னால் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டிய அறிகுறி. 'வாட்டர்வொர்க்ஸ்' சரியில்லை என்றால் சிறுநீர் போவதில் பிரச்சினை. 'ஆஃப் மை ஃபுட்' என்றால் சாப்பிடவே தோன்றவில்லை. ஒருவரை 'வெரி புவர்லி' என்று வார்டில் சொன்னால் அவர் நிலைமை மோசம். இவற்றில் பெரும்பாலானவற்றை நர்சிங் பாடப்புத்தகத்தில் பார்க்க முடியாது. காரணம், அந்தப் புத்தகங்கள் கற்றுக்கொடுப்பது டாக்டரின் ஆங்கிலத்தை. நோயாளி தன் வீட்டில் பேசும் ஆங்கிலத்தைத்தான் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு வருகிறார்.

அந்த வீட்டு ஆங்கிலம் நம் ஊரில் இருந்தபடியே காதில் விழ நல்ல வழி டிவி. ஆனால் எதைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். அமெரிக்க ஆஸ்பத்திரி சீரியல்கள் நிறையப் பார்ப்பதாகப் பலர் சொல்வார்கள். அவற்றில் டாக்டரும் டாக்டரும்தான் மூச்சுவிடாமல் பேசிக்கொள்கிறார்கள், நோயாளி பாதி நேரம் மயக்கத்தில் கிடக்கிறார். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களைத்தான் அங்கே மறுபடி கேட்பீர்கள்.

நான் முதலில் சொல்வது 'ட்வென்டி ஃபோர் ஹவர்ஸ் இன் ஏ அண்ட் இ'. சேனல் ஃபோரில் 2011-இல் தொடங்கிய ஆவணத் தொடர். முதலில் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையிலும், பிறகு செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையிலும் அவசரப் பிரிவில் கேமராக்களைப் பொருத்திப் படம் பிடித்தார்கள். வருகிறவர்கள் நிஜ நோயாளிகள், எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. திக்கித் திணறி, பாதி வாக்கியத்தில் நிறுத்தி, வேறு கதைக்குத் தாவிப் பேசுவார்கள். வார்டில் நீங்கள் கேட்கப்போவதும் அப்படித்தான். அடுத்தது பிபிசியின் 'கேஷுவல்டி', 1986 முதல் வரும் நாடகத் தொடர். மான்செஸ்டர் பக்கத்துப் பேச்சு காதுக்குப் பழக வேண்டுமென்றால் 1960 முதல் ஓடும் 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' இருக்கிறது. 'கால் த மிட்வைஃப்' மனதுக்குப் பிடித்த தொடர், ஆனால் கதை தொடங்குவது 1950-களில். ரசிக்கப் பாருங்கள், சொல் பொறுக்க வேண்டாம்.

சப்டைட்டில் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். தாய்மொழியில் போட்டுப் பார்த்தால் கதை புரியும், காது பழகாது. நெதர்லாந்தில் மிட்டரர், மெக்வீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். டச்சு மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் ஆங்கிலக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு நன்றாகப் பிடிபட்டது. டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு, புதிய பேச்சைப் புரிந்துகொள்வதில் அது தடையாகவே இருந்தது. ஆகவே ஆங்கிலப் பேச்சுக்கு ஆங்கில எழுத்து. ஒரு நோயாளியும் நர்ஸும் பேசும் இரண்டு நிமிடத் துண்டு போதும். முதலில் எழுத்து இல்லாமல், அப்புறம் எழுத்தோடு, அப்புறம் நிறுத்தி நிறுத்தி நீங்களும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு பாருங்கள். ஒரு இரவில் நான்கு எபிசோடு பார்ப்பதைவிட இது பலன் தரும்.

நோட்டில் தனிச் சொல்லை எழுதாதீர்கள். முழு வாக்கியத்தை எழுதி, யார் யாரிடம் சொன்னது என்றும் குறித்துவையுங்கள். காரணம் இருக்கிறது. சில வாக்கியங்கள் உங்களுக்குப் புரிந்தால் போதும், சில உங்கள் வாயில் வர வேண்டும். கீழே விழுந்து எலும்பு உடைந்து வந்த பெரியவர்கூட, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "நாட் டூ பேட், லவ்" என்பார். வலி இல்லை என்று எடுத்துக்கொள்ளாமல், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று கேளுங்கள். அவர் 'லவ்' என்று கூப்பிட்டது அந்த ஊர்ப் பழக்கம், அதில் தவறாக நினைக்க ஒன்றுமில்லை. அதற்காகப் போன புதிதில் நீங்களும் அவரை அப்படிக் கூப்பிட வேண்டாம். எப்படி அழைக்கலாம் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

உங்கள் வாயில் வர வேண்டியவற்றுக்கு அந்த ஊர் நர்ஸ்களைக் கவனியுங்கள். "குட் யூ ஜஸ்ட் பாப் அப் ஆன் த பெட் ஃபார் மீ?" என்பார்கள். நம் வார்டில் "கொஞ்சம் படுத்துக்குங்கம்மா" என்கிறோம். அந்தக் 'கொஞ்சம்', 'ங்க', 'அம்மா' மூன்றும் சேர்ந்துதான் நம் பேச்சில் மரியாதையும் பரிவும் வருகின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது 'குட் யூ', 'ஜஸ்ட்', 'பாப்', 'ஃபார் மீ'. அவை இல்லாமல் "லை டௌன்" என்று மட்டும் சொன்னால், நீங்கள் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் நோயாளிக்கு அதட்டலாகத்தான் கேட்கும். ஓஇடி ஸ்பீக்கிங்கில் இலக்கணத்தோடு, நோயாளியிடம் உறவை எப்படி ஏற்படுத்துகிறீர்கள் என்பதற்கும் மதிப்பீடு உண்டு.

பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதும் அப்படித்தான். கேட் கிரேஞ்சர் என்ற ஆங்கிலேய டாக்டர், தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, பார்க்க வந்த ஊழியர்கள் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லாததைக் கவனித்தார். 2013-இல் அவர் தொடங்கிய 'ஹலோ மை நேம் இஸ்' இயக்கம் பிரிட்டன் மருத்துவமனைகள் முழுக்கப் பரவியது. 2016-இல் அவர் இறந்துவிட்டார், பழக்கம் நிற்கிறது. ரோல் பிளேயை அந்த வாக்கியத்தில் தொடங்குங்கள்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது சப்டைட்டிலை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். ஓஇடி லிசனிங்கில் ஒவ்வொரு பதிவையும் ஒரே ஒருமுறைதான் போடுவார்கள். நோயாளி பேசப் பேச அவர் சொல்வதைக் குறிப்பெடுக்கும் பகுதியும் அதில் உண்டு. ஆகவே பேனாவும் தாளுமாக உட்கார்ந்து, நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் கேட்டு எழுதுங்கள். எழுதி முடித்தபிறகு சப்டைட்டிலைப் போட்டு, எதைத் தவறவிட்டீர்கள் என்று சரிபாருங்கள்.